சுருள் கேக்குக்கு இலங்கைக் கறுவா

ஈஸ்ட் சேர்த்து உப்பவைத்த மாவை விரித்து, வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் பூசிச் சுருட்டி, துண்டுபோட்டு ஓவனில் சுடுவது டென்மார்க் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். 2013-இல் அந்தப் பலகாரத்துக்கே சோதனை வந்தது.

மலிவான காசியா பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 விதிப்படி, இத்தகைய பண்டங்களில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. பாரம்பரியப் பட்டைப் பலகாரங்களுக்கு மட்டும் 50. ஸ்வீடன் தன் சுருள் ரொட்டியைப் பாரம்பரியம் என்றது. டென்மார்க் அதிகாரிகளோ தங்களுடையதை அன்றாடத் தின்பண்டம் என்றார்கள். பேக்கரிக்காரர்கள் கொதித்தெழ, மறு ஆண்டே அரசு இறங்கிவந்தது.

நியாயம்தான். தலைமுறைகளாகக் கைமாறி வந்த பண்டம் பாரம்பரியம் இல்லையென்றால் வேறு எது?

ஆனால் சலுகை கிடைத்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூமரினே பாதுகாப்பான தினசரி வரம்பைத் தொட்டுவிடும். இலங்கைக் கறுவா என்ற பட்டை வகையில் கூமரின் மிக மிகக் குறைவு, வாசமும் மென்மை. விலைதான் கூடுதல். வீட்டில் சுடுபவர்களாவது அதைத் தேடி வாங்க வேண்டும். காசியா தடித்த ஒற்றைச் சுருள். கறுவாவிலோ காகிதம்போல் மெல்லிய அடுக்குகள் பல. தூளில் இந்த வித்தியாசம் தெரியாது. குச்சியாக வாங்கி அரைப்பதே நல்லது.