மூன்று ஆட்டுக்குட்டிகளும் 3,253 செங்கற்களும்

மாலை மக்தபில் ஓதவரும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஜகாத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நாற்பதில் ஒரு பங்கு என்றதும் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். "அப்படியானால் ஒரு லட்சம் ரூபாய்க்கு எவ்வளவு?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. வகுத்தல் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்திலிருந்து அதை இறக்கிக் கையில் எடுத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

கணக்கை ஒரு கதைக்குள் வைத்துக் கொடுத்தால் என்ன என்று அன்றிரவு தோன்றியது. ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக நம் பிள்ளைகள் அறிந்த கதை ஒன்று உண்டு. மூன்று பன்றிக்குட்டிகள் வைக்கோலால் ஒன்று, குச்சிகளால் ஒன்று, செங்கல்லால் ஒன்று என மூன்று வீடுகள் கட்டுகின்றன. ஓநாய் வந்து ஊதுகிறது. முதல் இரண்டு வீடுகளும் விழுகின்றன, மூன்றாவது நிற்கிறது. நம் இல்லங்களில் இக்கதையைச் சொல்லத் தயங்கும் தாய்மார்கள் உண்டு. அப்பிராணியின் பெயர் திருக்குர்ஆனிலேயே இடம்பெறுகிறது. பெயரை உச்சரித்ததனால் நாவு அசுத்தமாகிவிடாது. ஆயினும் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரித்தே பொழுதைப் போக்கிவிடுவார்கள் என்பதால் நான் ஆட்டுக்குட்டிகளாக மாற்றிக்கொண்டேன். இப்படி மாற்றியதில் நான் முதல்வனும் அல்லன். 1853ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான ஒரு வடிவத்தில் பன்றிகளே கிடையாது. பிக்ஸி எனப்படும் குட்டித் தேவதைகள்தாம் வீடு கட்டுகின்றன, ஓநாயின் இடத்தில் நரி வருகிறது.

பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். குழுவுக்கு ஒரு லட்சம் ரூபாய், காகிதத்தில்தான். முதற்குழுவுக்குத் தென்னங்கீற்றுக் குடிசை, இரண்டாம் குழுவுக்கு மூங்கில் தட்டி வீடு, மூன்றாம் குழுவுக்குச் செங்கல் வீடு. எல்லா வீடும் வெளிப்புறம் 12 அடி நீளம், 10 அடி அகலம், சுவர் உயரம் 8 அடி. சாமான்களின் விலையை வாப்பாவிடமும் காக்காமார்களிடமும் கேட்டு எழுதிவர வேண்டும் என்றேன். மூங்கில் குழு பாதியிலேயே சண்டையிட்டுக் கலைந்துவிட்டதால் அவர்களை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

செங்கல் குழுவினர் ஒரு செங்கல்லைச் சுமந்துவந்து அடிக்கோலால் அளந்தார்கள். கலவையோடு சேர்த்து ஒரு கல் 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். வகுத்துப் பார்த்தால் கன அடிக்கு ஏறத்தாழ 14 கல். இனிச் சுவரின் கன அளவு தெரிந்தால் போதும். நான் கரும்பலகையில் எழுதலானேன். நான்கு பக்கமும் சேர்த்து 44 அடி, உயரம் 8 அடி, பெருக்கினால் 352 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 33 போக 319. முக்கால் அடி கனத்தால் பெருக்கி, 14ஆல் பெருக்கினால் 3,350 கல்.

"ஹஜ்ரத், மூலையை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க" என்றான் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன். அவனுடைய வாப்பா கொத்தனார். எழுந்துவந்து சாக்குக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் ஒரு சதுரம் வரைந்து காட்டினான். நீளச் சுவரிலும் அந்தச் சதுரம் வருகிறது, அகலச் சுவரிலும் வருகிறது. கல் என்னவோ ஒரு முறைதான் வைக்கப்படும். நான்கு மூலைக்கும் முக்கால் அடி வீதம் 3 அடியைக் கழித்து 41 அடி என்று எடுத்தால் 3,098 கல்தான் வரும். உடைசலுக்கு இருபதில் ஒரு பங்கு சேர்த்து 3,253. நான் வரலாறு படித்தவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். பிள்ளைகள் விடவில்லை. 252 கல் அதிகமாக எழுதிவிட்டேன், கல் 10 ரூபாய் என்றால் 2,520 ரூபாய் வீண் என்று அவர்களே கணக்குப் போட்டுச் சிரித்தார்கள்.

அஸ்திவாரம், சிமெண்ட், மணல், ஓட்டுக்கூரை, கதவு, கூலி எல்லாம் கூட்டியபோது செலவு 1,38,000 ரூபாயில் வந்து நின்றது. கையில் இருப்பது ஒரு லட்சம். மீதிக்கு என்ன செய்வது?

"கடன் வாங்கலாம்" என்றது ஒரு குரல். "ரெண்டு வட்டிக்குத் தருவாங்க" என்றது இன்னொன்று. எந்த வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சோ தெரியாது. வட்டி ஹராம் என்று உடனே வாயடைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் அதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் 38,000 ரூபாய்க்கு மாதம் 760. ஆண்டுக்கு 9,120. ஒரு சிறுமி 760ஐ மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டே போனாள். ஐம்பதாவது மாதத்தில் நிமிர்ந்தாள். "ஹஜ்ரத், வட்டியே 38,000 கட்டியாச்சு. கடன் அப்படியே இருக்கு!"

அப்போதுதான் கஃபாவின் கதையைச் சொன்னேன். நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு, அவர்களுடைய 35ஆம் வயதளவில், குறைஷியர் கஃபாவைப் புதுப்பிக்க முனைந்தார்கள். வட்டிப் பணமும் அநியாயமாகப் பறித்த பணமும் இதில் கலக்கலாகாது என்று முடிவு செய்தார்கள். அவர்களோ செல்வச் செழிப்பான வணிகர்கள். அப்படிப்பட்டவர்களிடமே தூய பணம் போதவில்லை! ஆகவே இப்ராஹீம் (அலை) அவர்கள் எழுப்பிய அடித்தளத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுச் சிறிதாகக் கட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் இதைக் குறித்து வினவியபோது, செலவுக்குப் பணம் குறைந்துபோனதே காரணம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் அரைவட்டச் சுவருக்குள் இருக்கும் அந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள். இன்றும் தவாஃப் அதற்கு வெளியேதான் சுற்றப்படுகிறது.

பிள்ளைகள் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு வீட்டைச் சுருக்கத் தொடங்கினார்கள். 12க்கு 10 என்பது 10க்கு 8 ஆயிற்று. வெளிப்பூச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். நம் ஊர்களில் வளைகுடாப் பணத்திலும் அடகு வைத்த நகையிலும் அண்டை வீட்டைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டும் பெரியவர்கள் அந்த நேரம் அங்கே இருந்திருக்கலாம்.

கீற்றுக் குடிசைக் குழுவின் செலவு 18,000தான். மீதம் 82,000. அவர்களுக்கு ஒரே பெருமிதம். "ஓநாய் வந்து ஊதினால்?" என்றேன். "சோம்பேறி ஆட்டுக்குட்டி ஓடிப்போய் அண்ணன் வீட்டில் ஒளியும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், அக்குழுவில் இருந்த ஒரு சிறுமியைத் தவிர. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கடற்கரைப் பகுதியைக் கடந்தபோது அவள் கைக்குழந்தை. அந்த இரவில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. இன்றும் கீற்றுதான்.

"எங்க வாப்பா சோம்பேறி இல்லை ஹஜ்ரத்" என்றாள்.

கதையைச் சொன்னபோது சோம்பேறி என்ற சொல்லை அவர்கள் காதில் போட்டவன் நானே. அன்றிரவு மூலத்தைத் தேடிப் படித்தேன். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட தொகுப்பில் சோம்பலைப் பற்றிய பேச்சே இல்லை. பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தாய்க்கு வசதியில்லை, அதனால் வெளியே அனுப்புகிறாள். முதற்குட்டியின் எதிரே வைக்கோல் சுமந்தவன் வந்தான், அவனிடம் கேட்டு வாங்கியது. அவ்வளவுதான். ஆட்டமும் பாட்டுமாகப் பொழுதைக் கழித்ததாகக் காட்டியது 1933இல் வந்த டிஸ்னி படம்.

மறுநாள் அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் கணக்கைத் திருத்தினோம். இரண்டாண்டுக்கு ஒரு முறை கீற்று மாற்ற 6,000 ரூபாய் என்று அவளே விலை சொன்னாள். இருபது ஆண்டில் ஒன்பது முறை மாற்ற 54,000, முதற்செலவு 18,000, ஆக 72,000. ஓட்டு வீட்டுக்கு அருகே வந்துவிடுகிறது. "அப்புறம் ஏன் முதலிலேயே செங்கல்லில் கட்டலை?" என்று ஒருவன் கேட்டான். "ஒரு லட்சம் ஒரே நாளில் யார் தந்தா?" என்றாள் அவள். நான் எல்லாக் குழுவுக்கும் சமமாகப் பங்கிட்டது காகிதத்தில்தானே. அந்தக் கேள்விக்கு எங்கள் கரும்பலகையில் விடை எழுதவில்லை. மஹல்லாவின் ஜகாத் நிதியைப் பற்றி நிர்வாகிகளிடம் பேச வேண்டும் என்று மட்டும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து இஷாவுக்குப் பின் அந்தக் கொத்தனார் வந்தார். மகனின் தாளைப் பார்க்க வேண்டும் என்றார். விளக்கின் அடியில் நின்று விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். மூலைக் கணக்கு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பித் தந்து, "எல்லாம் சரிதான் ஹஜ்ரத். கதவுக்கு மேலே லிண்டலை யாரும் எழுதலையே, சுவர் எதன்மேல் நிற்கும்?" என்று கேட்டுவிட்டு ஸலாம் சொல்லிப் புறப்பட்டார்.