பரியாரியார் பேத்தியின் படிப்பு



கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் முகப்பில் காலை ஆறு மணிக்கு இலைக்கஞ்சி விற்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். சொந்த ஊர் முல்லைத்தீவு. 2009இல் கணவரை இழந்தவர். அவருடைய தகப்பனார் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார். எண்ணெய் காய்ச்சும் பக்குவம் தகப்பனிடமிருந்து வந்தது. வல்லாரையும் முசுட்டையும் போட்ட கஞ்சிதான் மகளைப் படிப்பித்தது.

மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதினாள். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. சித்த மருத்துவம் கிடைத்தது. “இலை குழை படிக்கவோ கம்பஸுக்கு அனுப்பிறாய்?” என்று உறவினர் கேட்டார்கள். அக்கா என்னிடம் வந்தார். “தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம் என் வீட்டில் இருந்தது. வெள்ளவத்தையில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு நீரிழிவு. யாரோ ஒருவர் கொடுத்த பொடியை நம்பி இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தினார். காலில் வந்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து நாட்டு மருந்து என்றாலே எனக்குக் கோபம்.

அதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். “அவருக்குப் பதிவு இருந்ததா அக்கா?”

சமூகவியல் பட்டதாரியான நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. கோபப்பட வேண்டியது மருந்தின் மீதல்ல, படிக்காமல் மருந்து கொடுப்பதன் மீது என்பது அப்போதுதான் உறைத்தது. “போய்ப் படியம்மா” என்றேன். இப்போது கைதடியில் நான்காம் வருடம் படிக்கிறாள்.

கைதடி எனக்குப் புதிய இடமல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஆறு வயது. முன்பின் தெரியாத ஓர் ஆச்சி, கொப்புளித்த என் காலுக்கு எண்ணெய் பூசிவிட்டா. அந்த ஊரிலேயே ஒரு பிள்ளை முறைப்படி வைத்தியம் படிப்பது மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப நினைக்கும் தாய்மாருக்குச் சில விபரங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 2008 முதலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. உயர்தர உயிரியல் பிரிவில் படித்திருக்க வேண்டும். படிப்பு ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். கல்விக் கட்டணம் இல்லை. உடற்கூற்றியலும் உண்டு, நோய்க்குறியியலும் உண்டு. இலை குழை மட்டும் அல்ல. ஆனால் பட்டம் பெற்றவுடன் அரச நியமனம் கையில் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. சொந்தமாகத் தொழில் செய்யும் மனத்துணிவும் வேண்டும்.

வைத்தியம் செய்விப்போருக்கும் ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் பதிவு பெற வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. என்ன மருந்து என்று சொல்லாமல் தரும் பொடியை வாங்காதீர்கள். சில மருந்துகளில் பாதரசம், ஈயம் போன்றவை கலந்திருக்கலாம். சீனி, பிறெஷர் மாத்திரைகளை உங்கள் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

சென்ற விடுமுறையில் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குகளைப் பார்த்துவிட்டு, “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மம்மா?” என்றுதான் முதலில் கேட்டாள். எண்ணெய்ப் போத்தலைப் பிறகுதான் எடுத்தாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.