தன் இரங்கற்பாவைத் தானே குற்றம் சாட்டிய கவிஞர்

சீமஸ் ஹீனி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தந்தை மண்வெட்டி பிடிக்க மகன் பேனா பிடிக்கும் அந்தக் கவிதைதான். 1966-ல் வெளியான முதல் தொகுப்பின் முதல் கவிதை அது. நல்ல கவிதை, மறுக்கவில்லை. ஆனால் அதையே பற்றிக்கொண்டு அவரை உருளைக்கிழங்கு வயல்களின் கவிஞராக நிறுத்திவிடுவது அநீதி என்றே எனக்குப் படுகிறது.

வட அயர்லாந்தின் டெரி பகுதியில், கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் 1939-ல் பிறந்தவர். மதப்பிரிவுகளுக்கிடையே கொலைகள் மலிந்திருந்த 1972-ல் தெற்கே விக்லோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த விலகல் அவரை உறுத்திக்கொண்டே இருந்ததைக் கவிதைகள் காட்டுகின்றன.

1975-ல் அவருடைய உறவினர் கோலம் மக்கார்ட்னி, டப்ளினில் கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காக ஹீனி எழுதிய இரங்கற்பா 1979-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ஏரிக்கரையில் மண்டியிட்டிருப்பவரின் முகத்தைக் கவிஞர் பனிநீரும் பாசியும் கொண்டு துடைக்கிறார். தாந்தேயிடமிருந்து பெற்ற படிமம். பேரழகான கவிதை.

அந்த அழகுதான் சிக்கல். 1984-ல் வந்த 'ஸ்டேஷன் ஐலண்ட்' நெடுங்கவிதையில், டெர்க் ஏரித் தீவுக்குப் புனித யாத்திரை செல்லும் கவிஞர் முன் இறந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோன்றுகிறார்கள். மக்கார்ட்னியும் வருகிறார். நன்றி சொல்ல அல்ல. என் சாவின் கோரத்தை அழகு பூசி மறைத்துவிட்டாய் என்பதே அவர் பேச்சின் சாரம்.

கையறுநிலைப் பாடல்களில் ஊறிய எனக்கு இது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. அங்கே இருப்பவர் புலம்புவார். இறந்தவர் வாய் திறப்பதில்லை. இங்கோ பாடப்பட்டவரே எழுந்து வந்து பாட்டை மறுக்கிறார். அந்த மறுப்பையும் எழுதியது அதே கைதானே, இதுவும் ஒரு பாவனை அல்லவா என்று கேட்கலாம். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1998-ல் வந்த தெரிவுத் தொகுப்பில் ஹீனி இரண்டையுமே வைத்திருக்கிறார். இரங்கற்பாவை விலக்கவில்லை, குற்றச்சாட்டை மழுப்பவும் இல்லை. பாவனை செய்பவர் இரண்டில் ஒன்றை ஒளித்திருப்பார்.

1995-ல் நோபல் பரிசு பெற்று, 2013-ல் மறைந்தார். அவரை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரங்கற்பாவை முதலில் படித்துவிடுங்கள். மற்றதைப் படித்தபின் அதை நிம்மதியாகப் படிக்க இயலாது.