ஏட்டில் ஏறாத சமையல்

நம் வீட்டுச் சமையற்குறிப்புகளில் பெரும்பாலானவை வாய்மொழியாகவே வாழ்ந்து வருபவை. பாட்டி சொல்லக் கேட்டு அம்மா சமைத்தார். அம்மா சமைப்பதைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டோம். ஆயினும் மீன்குழம்புக்கும் கோழிக்கறிக்கும் இன்று நூல்கள் உள்ளன, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் உள்ளன, காணொலிகளோ எண்ணிலடங்கா. ஆனால், வாய்மொழியாகக்கூட உரக்கச் சொல்லப்படாத ஓர் உணவு நம்மிடையே உண்டு. அதுதான் பன்றிக்கறி.

மலேசியத் தமிழர்களில் பன்றி இறைச்சி உண்ணும் குடும்பங்கள் குறைவல்ல. தோட்டப்புறங்களில் வளர்ந்தோருக்குக் காட்டுப்பன்றிப் பிரட்டலின் மணம் நன்றாகவே தெரியும். இருந்தும் அதைப் பற்றி நாம் எழுதுவதில்லை; பேசுவதும் அரிது. வழிவழியாக வரும் இந்தச் சமையலை வெட்கப்படாமல், அளவோடு, தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. எழுதாமல் விட்டால் நம் தலைமுறையோடு அது முடிந்து போகும்.

‘எனக்குப் பிடித்த உணவு’ என்பது தொடக்கப்பள்ளிக் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய கட்டுரைகளில் தோசை வந்திருக்கிறது. நாசி லெமாக் வந்திருக்கிறது. அம்மா வைக்கும் நண்டுக்குழம்பும் வந்திருக்கிறது. பன்றிக்கறி ஒருமுறைகூட வந்ததில்லை. அதை விரும்பி உண்ணும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். எவரும் சொல்லிக் கொடுக்காமலேயே அதை எழுதக்கூடாது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு பாதி நல்ல பண்பு. முஸ்லிம் நண்பர்களோடும் சக ஆசிரியர்களோடும் ஒரே வளாகத்தில் வாழும் நாடு இது. அவர்களுக்கு விலக்கப்பட்ட உணவைப் பள்ளிக்குக் கொண்டு வராதிருப்பதும், பொதுவிடத்தில் அதைப் பற்றிப் பெருமை பேசாதிருப்பதும் நாகரிகம். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். மாணவர்களுக்கும் அதையே கற்பிக்கிறேன். ஆனால், அடக்கம் வேறு, வெட்கம் வேறு. பிறர் மனம் நோகாமல் இருப்பதற்காக நாவடக்குவது அடக்கம். தன் வீட்டு அடுப்பைத் தானே இழிவாக எண்ணுவது வெட்கம். நம்மிடம் இருப்பதில் மறுபாதி இந்த வெட்கந்தான்.

இவ்வெட்கம் எங்கிருந்து வந்தது? மூடி மறைப்பானேன்? சாதியிலிருந்து வந்தது. இன்ன இறைச்சி உண்பவர் உயர்ந்தவர், இன்ன இறைச்சி உண்பவர் தாழ்ந்தவர் என்று தட்டை வைத்து மனிதரைத் தரம் பிரித்த வழக்கம் கப்பலேறி நம்மோடு வந்தது; லயங்களில் குடியேறியது; இன்று அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கிறது. பெண் பார்க்கும் படலத்தில் “எங்கள் வீட்டில் அதெல்லாம் சேர்ப்பதில்லை” என்று முந்திக்கொண்டு சொல்லும் உறவினரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சொன்னவர் வீட்டு அடுக்களையில் அதற்கெனத் தனிச்சட்டி இருப்பதும் நமக்குத் தெரியும். கேட்பவரும் தலையாட்டுவார். இரு வீட்டாரும் சேர்ந்து நடத்தும் இந்த நாடகத்திற்குப் பலியாவது, பாட்டியின் கைப்பக்குவம்.

பழந்தமிழர் இவ்வாறு கூசியதாகத் தெரியவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அதில் பட்டினத்திற்கு வரும் பாணனுக்குக் கிடைக்கக்கூடிய விருந்தைப் புலவர் விவரிக்கிறார். ஆண்பன்றியைப் பெண்பன்றிகளோடு திரியவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீற்றிப் பல நாள் வளர்த்த கொழுத்த தசை, கள்ளோடு கிடைக்கும் என்கிறார். விலங்கை எப்படி வளர்த்தால், எதை ஊட்டினால் இறைச்சி சுவைபடும் என்பதைப் பாட்டிலேயே பதிவு செய்யும் அளவுக்கு அது மதிக்கப்பட்ட உணவாக இருந்திருக்கிறது. விருந்தாகப் பாடப்பட்ட ஒன்று வெட்கமாக மாறியது நாம் இடையில் ஏற்றுக்கொண்ட ஏற்றத்தாழ்வால்தான்.

இனி எங்கள் வீட்டுச் சமையலுக்கு வருகிறேன். எங்களுடையது பிரட்டல் அன்று, வாட்டிய கறி. பாட்டி பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர். சில ஆண்டுகள் துரை பங்களாவில் அடுக்களை உதவியாளராக இருந்தார். அந்நாளில் மலாயாவின் வெள்ளையர் இல்லங்களில் ஹைனானியச் சீனர்கள் சமையற்காரர்களாகப் பணியாற்றியது வரலாறு. அப்படிப்பட்ட ஒரு சமையற்காரரிடம்தான் பாட்டி இறைச்சியை முழுத்துண்டாக வாட்டக் கற்றார். வெள்ளையர் உப்பும் மிளகுமாக உண்டதை, அச்சீனர் கிச்சாப்பு ஊற்றி மாற்றினார். பாட்டி மல்லியும் சோம்பும் அரைத்துப் பூசி மீண்டும் மாற்றினார். லயத்து வீட்டில் ஓவன் ஏது? கனத்த இரும்புச் சட்டியில் கறியை வைத்து மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணல் பரப்பினார். பாவுலு பலகாரம் சுடும் முறை அது. ஆக, ஒரே சட்டிக்குள் ஆங்கிலேயர், சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய நால்வரின் கையும் இருக்கிறது. நம் பாடநூல் எதிலும் இந்த வரலாறு இல்லை. சமையற்குறிப்பில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு அளவு இது. ஆறு பேருக்குப் போதும்.

தோலோடு கூடிய தோள்பட்டை இறைச்சி ஒன்றரைக் கிலோ. சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கட்டைவிரல் நீள இஞ்சி. மிளகு 2 மேசைக்கரண்டி, மல்லி 2 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, நட்சத்திரப் பூ ஒன்று. கறுப்புக் கிச்சாப்பு 2 மேசைக்கரண்டி, சிறிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த நீர் அரைக் குவளை, பழுப்புச் சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 மேசைக்கரண்டி. உருளைக்கிழங்கு 5.

மசாலைப் பொருள்களை வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை வறுத்துப் பொடிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, இஞ்சியை விழுதாக அரைத்து, பொடி, கிச்சாப்பு, புளிநீர், சர்க்கரை, முக்கால் பங்கு உப்பு ஆகியவற்றோடு கலக்க வேண்டும். தோலில் கத்தியால் கோடுகள் கீறி, சதைப்பகுதியில் மட்டும் இவ்விழுதைப் பூச வேண்டும். தோலில் மீதி உப்பை மட்டும் தேய்த்து, தோல் மேற்புறம் இருக்குமாறு குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்துவிடலாம்.

மறுநாள் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைத் தட்டில் பரப்பி, அதன்மேல் கறியை வைத்து, அடியில் ஒரு குவளை நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 160 பாகை செல்சியசில் இரண்டரை மணி நேரம் வேகவிட வேண்டும். பிறகு தாளை நீக்கி, தோலின் ஈரத்தைத் துடைத்து, 220 பாகையில் 25 நிமிடம். தோல் பொரிந்து கொப்புளிக்கும். வெளியே எடுத்துக் கால்மணி நேரம் ஆறவிட்ட பின்பே வெட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்; அதுதான் அறிவியல் பாடம். தோள்பட்டை, விலங்கு நாள்தோறும் உழைத்த தசை. அதில் இணைப்புத் திசு மிகுதி. அத்திசுவிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் கரைந்து ஊன்பசையாக மாறும். கறி வாயில் கரைவது அதனால்தான். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே சூட்டைக் கூட்டினால் கறி வறண்டு நாராகிவிடும். பாட்டி “தணலைச் சீண்டாதே” என்று சொன்னதன் பொருள் இதுவே. அறிவியல் சொல் அவருக்குத் தெரியாது, அறிவியல் தெரியும்.

மழைக்காலத்து மாலையில் இதைச் சமைத்துப் பாருங்கள். கை வேலை அரைமணி நேரந்தான். மீதியை அடுப்பு பார்த்துக்கொள்ளும். அதற்குள் பயிற்றி நூல்களைத் திருத்தி முடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் மணம் கூடத்திற்கு வரும். கைப்பேசியோடு அறைக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் யாரும் அழைக்காமலேயே அடுக்களைக்கு வருவார்கள். சுடுசோறு, ரசம், வெள்ளரிக்காய்ப் பச்சடி, நடுவில் இந்தக் கறி. பள்ளியில் எத்தனை சலிப்பு இருந்தாலும் அந்த மேசையில் ஆறிவிடும். ஆறுதல் தரும் உணவு என்பது விலை உயர்ந்த உணவு அன்று; நமக்கு முன்னே நம்மவர் சமைத்த உணவு.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். கொழுப்பு மிகுந்த உணவாயிற்றே என்பர். உண்மை; இது நாள்தோறும் உண்பதற்குரியதன்று. மாதம் ஒருமுறை, அளவாக, காய்கறியோடு உண்டால் போதும். கிச்சாப்பிலும் உப்பு இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நோய் அச்சத்தைச் சிலர் எழுப்புவர். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமியால் நம் நாட்டில் 105 பேர் இறந்ததையும், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டதையும் மறக்க இயலாது. ஆனால், அன்று பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் நோயுற்ற விலங்குகளோடு நெருங்கிப் பழகியவர்கள். சமைத்த கறியை உண்டவர்கள் என்பதற்காக அவர்களுக்கு அந்நோய் வரவில்லை. நம்பகமான கடையில் வாங்குவதும், பச்சை இறைச்சி பட்ட பலகையையும் கத்தியையும் உடனே கழுவுவதும், முழுமையாக வேகவைப்பதும் நம் கடமை. காட்டுப்பன்றியாயின் இன்னும் கவனம் வேண்டும். அதன் தசையில் புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடு கூடவே கூடாது.

சைவ உணவு உண்போரும், சமய நெறியால் இதை விலக்கியோரும் நம்மில் உள்ளனர். அவர்கள் இதைச் சமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரும்பி விலக்குவது ஒரு நெறி. அதற்கு என் வணக்கம். உண்பவரைக் கீழாகப் பார்ப்பது மட்டும் நெறியாகாது. அவர்கள் வீட்டிலும் எழுதப்படாத கீரைக் கூட்டும் ஊறுகாயும் இருக்கும். அவற்றையும் எழுதி வைக்கட்டும்.

எப்படி எழுதுவது? அம்மாவிடம் கேட்டால் “கண்ணளவுதான்” என்பார். கண்ணளவைத் தராசில் ஏற்ற வேண்டியது நம் வேலை. அவர் கையில் அள்ளும் உப்பைச் சட்டியில் போடுமுன் ஒரு கிண்ணத்தில் வாங்கி நிறுத்துப் பாருங்கள். ‘ஒரு கொதி’ என்பது எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ‘பதம்’, ‘பக்குவம்’, ‘சுண்ட’, ‘வதக்க’, ‘பிரட்ட’ ஆகிய சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அடுக்களையில் வழங்கும் வினைச்சொற்களே வீட்டுத் தமிழின் வேர். சமையல் மறையும்போது அச்சொற்களும் சேர்ந்தே மறைகின்றன. எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மகளிடம் மட்டுமன்று, மகனிடமும். எந்தப் பயிற்றியும் தராத மொழிப்பயிற்சி அது.

அடிக்குறிப்பாக, இக்கறியை யாரிடம் கற்றோம், எந்தத் தோட்டத்தில் சமைத்தோம் என்பதையும் ஓரிரு வரி சேர்த்துவிடுங்கள். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன. அங்கு வாழ்ந்தவர்கள் என்ன உண்டார்கள் என்பதை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஒரு தாள்தான் மிஞ்சும்.

உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்த ஒருவர் இருந்தால், அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். இந்த வார இறுதியிலேயே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமருங்கள்.