பெரிய ஆடி மட்டும் போதுமா?

மாணவ நண்பர்களே, எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பார்த்தால் சுவரே நெளிவதுபோல் தோன்றும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறுவதே காரணம். விண்மீன்கள் கண்சிமிட்டுவதும் இதனால்தான்.

ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. கணக்குப்படி அது 0.06 விகலை இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்ட வேண்டும். (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை.) காற்று விட்டால்தானே! பெரும்பாலான இடங்களில் படம் ஒரு விகலைக்கும் மேலாக மங்கிவிடுகிறது. பெரிய ஆடி ஒளியை நிறையச் சேர்க்கும்; ஆனால் கூர்மையில் 10 செ.மீ. தொலைநோக்கியை அதிகம் மிஞ்சாது. நம்பாதவர்கள் 1.22λ/D போட்டுப் பாருங்கள்.

காற்றின் நெளிவை அளந்து, அதற்கு எதிராக ஒரு சிறு ஆடியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்துப் படத்தைச் சீர்செய்யலாம். அளப்பதற்கு அருகில் பிரகாசமான விண்மீன் வேண்டும். எல்லாத் திசையிலும் அது கிடைக்காது. எனவே லேசரை மேலே செலுத்தி நாமே ஒரு புள்ளியை ஒளிரச் செய்கிறோம். சுமார் 90 கி.மீ. உயரத்துச் சோடியம் அணுக்களை ஒளிரச் செய்வது ஒரு முறை, 10 கி.மீ. உயரத்துக் காற்றிலேயே ஒளியைச் சிதறவிடுவது இன்னொரு முறை.

இந்தப் புள்ளி அசல் விண்மீனுக்கு ஈடாகாது. விண்மீன் ஒளி இணைக் கதிர்களாக வருகிறது. லேசர் புள்ளியின் ஒளியோ கூம்பாக இறங்குகிறது. கூம்புக்கு வெளியே உள்ள காற்று அளவையில் சேராது. ஆடி பெரிதாகப் பெரிதாக இப்பிழையும் வளரும். இந்தியாவும் பங்கேற்கும் 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் ஆறு லேசர் புள்ளிகள் கேட்பது இதனால்தான். மேலும், லேசர் ஒளி போன வழியே திரும்புவதால், படம் மொத்தமாக எப்பக்கம் நகர்ந்தது என்பது தெரியாது. அதற்கு மங்கலானதாயினும் ஓர் உண்மை விண்மீன் தேவை.

சிறிய ஆடிக்குக் கூம்புப் பிழை குறைவு. ஆகவே, நம்மிடம் உள்ள 2 மீட்டர் அளவுத் தொலைநோக்கிகளுக்கே லேசர் மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. சான்றும் உண்டு. புனேயின் ‘ஐயூகா’ மையமும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ரோபோ-ஏஓ கருவி, பலோமாரின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் புறஊதா லேசருடன் தானாகவே இயங்கியது. கோள்கள் இருக்கலாம் என்று கெப்ளர் விண்கலம் காட்டிய 715 விண்மீன்களை 2012-இல் படமெடுத்து, அவற்றினருகே 53 துணை விண்மீன்களைக் கண்டது.

மழைக்கால மேகத்தை எந்த லேசரும் விலக்காது, உண்மைதான். ஆனால் காவலூரில் தெளிந்த இரவுகளும் உண்டே! அடுத்த பெரிய ஆடிக்குப் பணம் கேட்கும் முன், இருக்கும் ஆடிக்கு ஒரு லேசர் கேட்போம்.