நோகாமல் குத்தினால் குற்றமா?

"நோவைத் தாங்கேலாட்டி ஏன்டி டட்டூ குத்துறாய்?" விறைப்புக் கிறீம் பூசப் போறன் எண்டு என்ட சிநேகிதி சொன்னதும் எங்கட பட்ச்சில வந்த முதல் கேள்வி இதுதான். பல்லுப் பிடுங்க முதல் விறைப்பூசி போடுறவரிட்ட இப்பிடி ஆரும் கேக்கிறதில்லை.

நோவைச் சகிச்சால்தான் டட்டூவுக்கு மதிப்பு எண்ட கதையை நான் ஏற்கமாட்டன். தோலில் நிலைக்கிறது படம், நோ இல்லை.

என்ட பயம் வேறு. இந்தக் கேலிக்கு அஞ்சி ஒருத்தரிட்டயும் கேளாமல், ஒன்லைனில் வாங்கி அள்ளிப் பூசுறதுதான் ஆபத்து. இப்படியான கிறீம்களில் பெரும்பாலும் இருப்பது லிடோகெயின். டட்டூவுக்கு முன் பூசவென்று கடைகளில் விற்கப்படும் கிறீம்களில் அது 4 வீதத்துக்கு மேல் இருந்தால் பாவிக்க வேண்டாம் என்று 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரிய இடத்தில் பூசி, பொலித்தீனால் சுற்றினால் மருந்து கூடுதலாக இரத்தத்தில் கலக்கும். வலிப்பு வரலாம், இதயத்துடிப்புக் குழம்பலாம். காயப்பட்ட தோலில் பூசவே கூடாது.

அதால, பூசுறதை ஒளிக்காதேங்கோ. டொக்டரிட்டக் கேளுங்கோ, குத்துறவரிட்டயும் சொல்லுங்கோ. பக்கத்தில நிக்கிற நண்பர்களே, "ஏன் பூசுறாய்?" எண்டு கேக்கிறதை விட்டிட்டு, "எத்தனை வீதம்?" எண்டு கேளுங்கோ.