பயணமும் விழிப்பும்

பிற நாடு காணும் வேட்கை மக்கட்கு இயல்பானது. கண்டு கற்கும் கல்வி ஏட்டுக் கல்வியினும் குறைந்ததன்று. ஆயின், புதியன கண்டு நாம் வியந்து நிற்கும் நேரமே கள்வனுக்கு ஏற்ற நேரமாகும். பண்டு மக்கள் பணத்தை ஆடையில் முடிந்து சென்றனர். அதனைக் கவர்ந்தவனை முடிச்சவிழ்க்கி என்றனர். இன்று முடிச்சுப் போய்ப் பை வந்துவிட்டது, முடிச்சவிழ்க்கி போகவில்லை.

பிரெஞ்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள லூவர் அருங்காட்சியகத்தின் ஊழியர்கள், முடிச்சவிழ்க்கிகளின் தொல்லை பொறாது 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் பணியை நிறுத்தினர். அருங்காட்சியகம் ஒரு நாள் மூடப்பட்டது. 2015ஆம் ஆண்டு மே திங்களில் ஈபெல் கோபுரத்து ஊழியர்களும் இக்காரணம் பற்றியே பணி செய்ய மறுத்தனர்.

அந்நகரத் தெருக்களில் நிகழும் சூழ்ச்சிகள் பல. ஒருவன் நட்பின் அடையாளம் என்று கூறி நம் கையில் வண்ணக் கயிற்றைக் கட்டுவான். பின்னர்ப் பணம் கேட்பான். ஒருத்தி காது கேளாதோர்க்கு உதவுமாறு வேண்டித் தாளொன்றை நீட்டுவாள். நாம் கையொப்பமிடும்பொழுது அவள் துணையாள் நம் பையைத் துழாவுவான். மற்றொருவன் தரையினின்று மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்ததுபோல் நடித்துப் பித்தளையைப் பொன்னென விற்பான்.

இவற்றை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கயிறு கட்டுபவன் நம் பண்பைப் பற்றுகின்றான்; தாள் நீட்டுபவள் நம் இரக்கத்தைப் பற்றுகின்றாள்; மோதிரக்காரனோ நம் ஆசையைப் பற்றுகின்றான். ஆசையை அடக்குதல் நன்றே. பண்பையும் இரக்கத்தையும் துறத்தல் தகுமோ?

‘அயல்நாட்டில் எவரையும் நம்பாதே’ என்பர் சிலர். அது பொருந்தாது. வழி தவறினும் நோயுறினும் நமக்கு உதவுவோர் அவ்வயலாரே அல்லரோ? நிறத்தையும் உடையையும் கண்டு ஒருவரை ஐயுறுதல் பெருந்தவறு. செயலைக் கண்டு ஐயுறுதலே முறை. அழையாது வந்து கைதொடுபவனிடமிருந்து ‘வேண்டா’ என்று கூறி விலகி நடத்தல் வேண்டும். உதவி வேண்டின் நாமே சென்று கடைக்காரரையோ காவலரையோ வினவலாம்.

பணம் முழுவதையும் ஓரிடத்தில் வைத்தல் ஆகாது. கடவுச்சீட்டின் படியொன்றைத் தனியே வைத்தல் நலம். கூட்டத்தில் பையை முன்புறம் அணைத்துச் செல்லுதல் வேண்டும். பொருள் இழப்பின் நாணி வாளாவிராது காவல் நிலையத்தில் முறையிட்டுச் சான்று பெறுதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் இடருற்றபொழுது அழைக்கும் தொலைபேசி எண் 112 ஆகும்.

இத்துணையும் செய்தவன் அச்சமின்றி நாடு காணலாம். பையைப் பூட்டுவோம், நெஞ்சத்தைப் பூட்ட வேண்டா.